அத்தா அடுக்கிவைத்த பதினாறு

அத்தியாயம் 14

திருச்சுழி வெயிலைப் பற்றி நான் எது சொன்னாலும் கூட்டிச் சொல்கிறேன் என்கிறார்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன். போன வைகாசியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் உச்சிவேளையில் கடைக்குப் புறப்பட்டார். பாதி வழியில் அவருடைய நிழல் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டது. அவர் சீனி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதைக் கூட்டிக்கொண்டு போனார். சீமைக்கருவேலமே தண்ணீர் கேட்டு யூனியன் ஆபீசில் மனுக் கொடுத்த ஊர் இது.

இந்த வெயில்தான் போன வாரம் ஃபாயிஸாவின் மானத்தை வாங்கியது.

மதுரையில் ஆராய்ச்சி படிக்கிற ஃபாயிஸா, ஆடுகளுக்கு வருகிற ஒரு காய்ச்சலைக் கண்டுபிடிக்கக் காகிதத்தில் ஒரு ஸ்ட்ரிப் செய்திருக்கிறாள். சினை ஆட்டின் கருவைக் கலைத்துவிடுகிற காய்ச்சல். பச்சைப் பால் வழியாக மனுஷரையும் பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ஆட்டுப்பால் விட்டால், நோய் இருந்தால் சிவப்பாக ஒரு கோடு வரும். இல்லாவிட்டால் வராது. மதுரை ஏசி ரூமில் அந்தக் கோடு பேனா வைத்து இழுத்த மாதிரி வந்தது. திருச்சுழி மாட்டாஸ்பத்திரியில், டாக்டரும் பதினேழு ஆடுகளும் பார்த்துக்கொண்டிருக்க, வரவேயில்லை. ஆடுகளே சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

அவளுடைய பேராசிரியர் கோகிலாம்பாள் மேடம் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

"ஏசியில வேலை செய்ற ஸ்ட்ரிப்பு எனக்கெதுக்கும்மா? ஆடு என்ன ஏசியிலயா மேயுது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வெயில் தாங்குற பக்குவத்தைக் கண்டுபிடிச்சு அனுப்பு. இல்லைன்னா ஊர் ஊராப் போய்ச் சோதிக்கிற வேலையை நாகராஜுக்குக் கொடுத்துருவேன்."

நாலு வருஷ உழைப்பு. கூடவே ஆராய்ச்சி செய்கிற நாகராஜ் கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். தங்கமான பையன்.

தங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தச் சிவப்புக் கோட்டைக் கொடுப்பதே தங்கத்தின் நுண்ணிய துகள்கள்தான். சின்னக் குப்பியில் ஃபாயிஸா அதைக் கொண்டுவந்தபோது அவளுடைய அம்மா அப்ரோஸ் பேகம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கம்ங்குற, ரோஸ்மில்க் மாதிரில்ல இருக்கு?"

"ரொம்பப் பொடியா ஆனா தங்கம் செவப்பாத்தாம்மா தெரியும்."

"உங்க மாமியா வீட்டுல போய் இப்படிச் சொல்லி வைக்காத."

குப்பியில் இருந்தது இருபத்திரண்டு சொட்டு. ஒரு ஸ்ட்ரிப்புக்கு ஒரு சொட்டு. அடுத்த குப்பி வர மூன்று மாதம் ஆகும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஃபாயிஸாவிடம் இருபத்திரண்டு சொட்டும், ஒரு பகலும், ஒரு தகப்பனாரும் இருந்தார்கள்.

தகப்பனார் ஹாஜா நஜ்முதீனைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கினவர். ஊர் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. முதல் வாரம் வீட்டுச் செருப்புகளை அளவுவாரியாக அடுக்கினார். அடுத்து அஞ்சறைப்பெட்டி. பிறகு பக்கத்து வீட்டு மாரிக்கனியின் ஆடுகளை உயரவாரியாகக் கட்டிப்போட்டார். அன்றிலிருந்து அந்த ஆறு ஆடுகளும் மேயப் போகும்போதுகூட உயர வரிசையில்தான் போகின்றன. நடுவில் ஒரு குட்டி வளர்ந்துவிட்டால், நின்று இடம் மாற்றிக்கொண்டு போகின்றன. நான் பார்த்தேன்.

"வீடு சுத்தமா இருந்தா என்ன கேடு?" என்பார் நஜ்முதீன்.

"வெந்தயம் எங்க இருக்குன்னு உங்களக் கேட்டுத்தான் நான் தாளிக்கணும். அதான் கேடு" என்பார் அப்ரோஸ் பேகம்.

*

சனிக்கிழமை முழுக்க ஃபாயிஸா மாடியில் இருக்கிற ஷீட்டு ரூமில் உட்கார்ந்து ஸ்ட்ரிப்புகளைத் தயார் செய்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் தாங்குகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் மாவட்டத்திலேயே கிடையாது.

மாற்றிப் பார்க்க வேண்டியவை மூன்று. காகிதத்தில் வேண்டாதது ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பால்பவுடர் கரைசல், உப்பு, காயவைக்கிற நேரம். ஒவ்வொன்றும் கம்மி அல்லது கூடுதல்.

"மூணையும் ஒரே நாள்ல மாத்துனா எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. "மீன்கொழம்புல புளி, உப்பு, கொதி மூணையும் ஒண்ணா மாத்துவாகளா?"

"ஒரே சட்டின்னா மாத்தக் கூடாதும்மா. எட்டு சட்டி வைக்கணும். புளி கம்மி, உப்பு கம்மி, கொதி கம்மின்னு ஒரு சட்டி. புளி மட்டும் கூட ஒரு சட்டி. புளியும் உப்பும் கூட ஒரு சட்டி. இப்படி எல்லா ஜோடியும் வந்துரும். அப்புறம் எட்டையும் கணக்குப் போட்டா, எது என்ன பண்ணுது, எது எதோட சேர்ந்தா என்ன பண்ணுதுன்னு வந்துரும்."

"எட்டுக் கொழம்பை யாரு திங்கிறது?"

எட்டுப் பக்குவம், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆகப் பதினாறு ஸ்ட்ரிப். முதுகில் ஒன்று முதல் பதினாறு வரை எண். ஒன்று முதல் எட்டு வரை பால்பவுடர் கம்மி. ஒன்பதிலிருந்து கூடுதல். பிறகு பதினாறு சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி, அம்மாவையே எடுக்கச் சொல்லி, வந்த வரிசைப்படி ஒரு முட்டை அட்டையின் குழிகளில் ஸ்ட்ரிப்புகளைக் குப்புற வைத்தாள். பதினொன்று, நாலு, பதினாறு, ஏழு என்று அது பாட்டுக்கு இருந்தது. நாளைக்கு எடுக்கும்போது எண்ணைப் பார்க்க மாட்டாள். எண் தெரிந்தால் கண் ஏமாற்றும்.

குலுக்கிப் போட்டது ஏன் என்று மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா அதைப் பரிசுச்சீட்டு மாதிரி ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு அதிகாலை, ஃபஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போட வந்தார் நஜ்முதீன். ஷீட்டு ரூம் கதவு திறந்திருந்தது. மேசைமேல் முட்டை அட்டை. ஒரு ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தார். பதினொன்று. அடுத்தது நாலு. அடுத்தது பதினாறு.

அவருக்குத் தாங்கவில்லை. ராத்திரி முழுக்கக் கண் முழித்த பிள்ளை, அசதியில் மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டது! கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, ஒன்றிலிருந்து பதினாறு வரை அழகாக அடுக்கிக் குப்புற வைத்தார். நாலு நிமிஷ வேலை. கீழே இறங்கும்போது ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தம்மால் வீட்டுக்கு ஒரு உபயோகம் என்று தோன்றியது.

*

ஏழு மணிக்கு ஃபாயிஸா தொடங்கினாள். ஒரு ஸ்ட்ரிப்புக்கு இருபது நிமிஷம். சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் நோய் உறுதியான ஆட்டின் பால். மதுரையிலிருந்து கிருமியைக் கொன்று அனுப்பியிருந்தார்கள். ஒரு சொட்டுத் தங்கம், ஒரு சொட்டுப் பால், காத்திருப்பு. கோடு எவ்வளவு அழுத்தம் என்று நிற மாதிரி அட்டையோடு ஒத்துப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க்.

முதல் கோடு பளிச்சென்று வந்தது. நாலு மார்க்.

"வந்துருச்சும்மா!" என்று கத்தினாள். கீழேயிருந்து அம்மா "மாஷா அல்லாஹ்!" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த மாரிக்கனி, "என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"கோடு!"

"அப்பாடா!" என்றாள் மாரிக்கனி. எதற்கென்று தெரியாவிட்டாலும் நல்லது நடந்தால் சந்தோஷப்படுகிற மனசு.

இரண்டாவது, மூன்றாவது, எட்டாவது வரைக்கும் அதே கதை. ஒவ்வொரு கோட்டுக்கும் மாடியில் ஒரு கூச்சல், கீழே ஒரு மாஷா அல்லாஹ், சுவருக்கு அப்பால் ஓர் அப்பாடா.

ஒன்பதாவதிலிருந்து கோடு வெளுத்தது. இரண்டு மார்க். பிறகு ஒன்று. கடைசி நாலும் கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தன. தெருவே அமைதியாகிவிட்டது.

பன்னிரண்டு இருபதுக்கு ஸ்ட்ரிப்புகளைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஐந்து, ஆறு என்று கடைசி வரை திருப்பினாள். பிறகு ஒரு வார்த்தைதான் வந்தது.

"அத்தா!"

நஜ்முதீன் சிரித்த முகத்தோடு படியேறி வந்தார். "என்னம்மா, வேலை சுளுவா முடிஞ்சுச்சா? காலையில நான்தான் ஒழுங்குபண்ணி வச்சேன். நீ அசதியில கலைச்சுப் போட்டிருந்த."

"கலைச்சுத்தான் வச்சேன்த்தா! வேணும்னே கலைச்சு வச்சேன்!"

"எதுக்கும்மா நல்லா இருக்கிறதைக் கலைக்கணும்?"

ஃபாயிஸா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்க பாருங்கத்தா. ஒண்ணுலேருந்து எட்டு பவுடர் கம்மி. அதெல்லாம் காலையில குளுமையில போட்டாச்சு. ஒம்பதுலேருந்து பவுடர் கூட. அதெல்லாம் வெயில் ஏறினப்புறம் போட்டாச்சு. இப்ப கோடு வெளுத்தது பவுடரால வெளுத்ததா, வெயிலால வெளுத்ததா? கலந்து கட்டிப் போட்டிருந்தா ரெண்டு வகையும் ரெண்டு நேரத்துலயும் வந்திருக்கும். இப்ப எப்படிப் பிரிக்கிறது? உப்பும் காயவச்ச நேரமும் சாது, ஒண்ணும் பண்ணல, அது தெரியுது. ஆனா பவுடரும் வெயிலும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது."

நஜ்முதீனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கிடங்கில் ஒருமுறை மூன்று டன் இறாலைத் தப்பான அறையில் வைத்தபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை. அது யாரோ ஒருத்தருடைய இறால்.

"நான் வேணும்னே பண்ணலம்மா."

"தெரியும்த்தா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் கூரையைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். "மிச்சம் எத்தனை சொட்டு?"

"ஆறு. ஸ்ட்ரிப்பும் ஆறுதான் உதிரியா இருக்கு. மூணு கம்மிப் பவுடர், மூணு கூடுதல்."

"சரி. கம்மிப் பவுடர் வெயில்ல எப்படி இருக்கும்னு நாம பாக்கல. கூடுதல் பவுடர் குளுமையில எப்படி இருக்கும்னு பாக்கல. அவ்வளவுதான? அந்த ரெண்டு கட்டமும்தான் காலி?"

ஃபாயிஸா நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருஷம் படித்த புள்ளியியலை அவர் பலசரக்கு அலமாரி மாதிரி பார்த்துவிட்டார்.

"அதேதான்த்தா. வெயில் இங்கனயே இருக்கு. குளுமைக்கு எங்க போறது? சாயங்காலத்துக்குள்ள?"

"குளுமையைப் பத்தி எங்கிட்டயா கேக்குற?" என்றார் நஜ்முதீன்.

*

திருச்சுழியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏசி ஓடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ராஜகுருவின் நகைக்கடை.

புறப்படுவதற்கு முன் ஃபாயிஸா அப்பாவுக்கு மூன்று தடவை சொட்டு விடப் பழக்கினாள், வெறும் தண்ணீரில். அவர் கை நடுங்கவில்லை. கூடுதல் பவுடர் ஸ்ட்ரிப் இரண்டு, சின்னக் குப்பியில் இரண்டு சொட்டுத் தங்கம், சிவப்பு மூடிப் பால், மார்க் அட்டை எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தாள்.

"அத்தா."

"சொல்லும்மா."

"அங்க போய் எதையும் அடுக்காதீங்க."

மொபெட்டில் அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ராஜகுரு ஒரு குடும்பத்துக்குத் தோடு காட்டிக்கொண்டிருந்தார். நஜ்முதீன் விஷயத்தைச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து கிடங்கு காலத்துத் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். இருபத்துநாலு டிகிரி. கண்ணாடிப் பெட்டிமேல் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"பாய், இதுல தங்கம் இருக்குன்னீக?"

"இருக்கு."

"காணோமே?"

"கண்ணுக்குத் தெரியாத சைஸு."

ராஜகுரு யோசித்தார். "அப்ப செய்கூலி சாஸ்தியா இருக்குமே. சேதாரம் எவ்வளவு?"

"பதினாறு," என்றார் நஜ்முதீன். "நான்தான் பண்ணேன்."

சொட்டு விட்டார். இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். எதிரே தட்டில் மோதிரங்கள் கிடந்தன. பெரியது, சின்னது, கல் வைத்தது, வைக்காதது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து. நஜ்முதீன் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார். ஏசியில் வியர்த்தது. தோடு வாங்க வந்த அம்மாள், "அவுகளுக்கு உடம்புக்கு முடியலையா?" என்று ராஜகுருவிடம் கேட்டார்.

அதே நேரம் ஷீட்டு ரூமில் நாற்பது டிகிரி. கம்மிப் பவுடர் ஸ்ட்ரிப் இரண்டுக்கு ஃபாயிஸா சொட்டு விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் விசிறினார்.

"விசிறாதம்மா. வெயில் வேணும்."

"உனக்கில்லடி, எனக்கு விசிறுறேன்."

இருபது நிமிஷம் முடிந்தது. காகிதத்தில் சிவப்பு மெல்ல ஊறி, நடுவில் ஒரு கோடாக நின்றது. அழுத்தமாக. இரண்டிலும் நாலு மார்க். நாற்பது டிகிரியில்!

"வந்துருச்சு!"

"மாஷா அல்லாஹ்!"

"அப்பாடா!" என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

போன் அடித்தது. நகைக்கடைச் சத்தத்தில் நஜ்முதீன் கத்தினார். "நல்லா வந்திருக்கும்மா! நாலு மார்க்கு! ரெண்டும் நாலு! தோடு வாங்க வந்தவுக கையெல்லாம் தட்டுறாக!"

ஃபாயிஸா நோட்டை இழுத்து நாலு கட்டம் போட்டாள். கம்மிப் பவுடர் குளுமையில் நன்று, வெயிலிலும் நன்று. கூடுதல் பவுடர் குளுமையில் நன்று. கூடுதல் பவுடரும் வெயிலும் சேர்ந்த இடத்தில் மட்டும் அடி.

"பவுடர் மேலயும் தப்பில்ல, வெயில் மேலயும் தப்பில்லம்மா. தனித்தனியா ரெண்டும் நல்லதுதான். ரெண்டும் ஒரே இடத்துல சேர்ந்தாத்தான் கோளாறு."

அப்ரோஸ் பேகம் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "இதுக்கா இருபது சொட்டு? இருபத்தாறு வருஷம் உங்கத்தா அங்கயும் நான் இங்கயும் எவ்வளவு அன்னியோன்னியமா இருந்தோம். ஏழு மாசமா ஒரே அடுப்படியில நிக்கிறோம். எங்களைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்போமே."

மூன்றரைக்கு நஜ்முதீன் திரும்பினார். மிச்சம் இரண்டு சொட்டு. பச்சை மூடி பாட்டிலில் நோயே இல்லாத ஆட்டுப்பால் இருந்தது. கம்மிப் பவுடர் ஸ்ட்ரிப்பில் கடைசியாக இருந்த ஒன்றில் அதைச் சோதித்தாக வேண்டும். பவுடர் குறைந்ததால் பொய்க்கோடு வந்துவிட்டால் எல்லாம் வீண். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இருபது நிமிஷம். வெள்ளை வெளேரென்று கிடந்தது. கோடு இல்லை.

"வரல!" என்று மகள் துள்ளினாள். அப்பாவும் துள்ளினார். இந்தத் தடவை சுவருக்கு அப்பால் சத்தம் இல்லை.

நாலே காலுக்கு நாலு கட்டத்தையும் படத்தையும் கோகிலாம்பாள் மேடத்துக்கு அனுப்பினாள். நாலு இருபதுக்குப் பதில் வந்தது. "சரி. நீயே போ." அவ்வளவுதான். மேடம் இதற்குமேல் யாரையும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை.

அப்போதுதான் மாரிக்கனி ஒரு தூக்குவாளியோடு படியேறி வந்தாள். அன்று முழுக்க சுவர் வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நேரில் பார்க்க ஆசை.

"தாயி, எம் ஆட்டுப் பாலையும் ஒரு சொட்டு பாத்துச் சொல்லேன். இப்பத்தான் கறந்தேன். கமலியோடது."

கமலி அவளுடைய ஆறு ஆடுகளில் உயரமானது. அந்தத் தெருவில் பச்சைக்குழந்தை உள்ள நாலு வீட்டுக்கு அதன் பால்தான் போகிறது.

ஒரு சொட்டுத் தங்கம் மிச்சம் இருந்தது. ஸ்ட்ரிப்பில் கூடுதல் பவுடர் ஒன்றுதான் மிச்சம். இந்த வெயிலில் அதில் கோடு வருவதே கஷ்டம். அதனால் சும்மா ஆசைக்குத்தானே என்று ஃபாயிஸா சம்மதித்தாள். "மாரிக்கனி ஆசையாக் கேக்குறா, போட்டுரு" என்றார் அம்மாவும்.

சொட்டு விட்டாள். பேச்சும் சிரிப்புமாக நேரம் போனது. நஜ்முதீன் நகைக்கடையில் கையின்மேல் உட்கார்ந்த கதையை இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஃபாயிஸா ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள்.

வெயில் தாங்காத அந்த ஸ்ட்ரிப்பில், வரவே கூடாத இடத்தில், ஒரு கோடு மெதுவாக எழுந்து நின்றது. அவள் அட்டையை வைத்துப் பார்த்தாள். ஐந்து.

"அத்தா," என்றாள் மெல்ல. நஜ்முதீன் குனிந்து பார்த்துவிட்டுக் கதையை நிறுத்தினார். அப்ரோஸ் பேகத்தின் வாய் வரை வந்த மாஷா அல்லாஹ் அங்கேயே நின்றது.

மாரிக்கனி எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"கோடு வந்துருச்சு!" என்று இரண்டு கைகளையும் தட்டினாள். "எவ்வளவு தடிமனா வந்திருக்கு பாருங்கக்கா! எங் கமலி பாஸாயிட்டா!"

ஃபாயிஸா குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாள். ஒரு சொட்டுகூட இல்லை. இன்னொரு தடவை பார்க்க வழியில்லை. ஒற்றை ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு ஒருத்தியின் ஆட்டுக்கு நோய் என்று சொல்வதா? சொல்லாமல் இருப்பதா?

அவள் தலை நிமிர்ந்தபோது மாரிக்கனி அங்கே இல்லை. தூக்குவாளியும் இல்லை. படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம். பிறகு தெருவில், முதல் வீட்டு வாசலில், அவளுடைய கணீர்க் குரல்.

"ஏ முத்துலட்சுமி! பிள்ளைக்குப் பாலுக்குப் பாத்திரத்த எடுத்துட்டு வா! மிஷினு வச்சுப் பாத்துட்டாகல்ல, இனி காய்ச்சக்கூட வேணாம்!"